காலி இடத்துக்கு ஒரு யுத்தம்

புரோகிராமில் எங்கே இடம் விடுவது, எங்கே வரியை மடிப்பது என்று அரை நூற்றாண்டாக நடந்துவரும் சண்டையை இயந்திரங்கள் தீர்த்துவைக்கின்றன. புரோகிராமர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் எல்லோரும் அல்ல.

ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு 2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து ஓர் அவசரத் திருத்தம் வந்து சேர்ந்தது. என்ன கோளாறு என்று அதில் விலாவாரியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் புரோகிராமை ஆப்பிளே பகிரங்கமாக வெளியிட்டிருந்தது. அதைப் புரட்டிப் பார்த்த நிபுணர்கள் ஒரே நாளில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஒரு வரி இரண்டு முறை இருந்தது. அவ்வளவுதான்.

'கோட்டூ ஃபெயில்', அதாவது 'தோல்வி என்ற இடத்துக்குத் தாவு' என்ற கட்டளை அடுத்தடுத்த இரண்டு வரிகளில், ஒரே அளவு இடம் விட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது. தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி:

இந்தச் சோதனையில் தவறு இருந்தால்
    தாவு
    தாவு
கடைசிச் சோதனையைச் செய்

பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு 'தாவு'களும் 'தவறு இருந்தால்' என்ற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. 'சி' மொழியில் சுருள் அடைப்புக்குறி போடாவிட்டால், நிபந்தனை அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளையைத்தான் கட்டுப்படுத்தும். எவ்வளவு இடம் விட்டு எழுதியிருக்கிறது என்பதை அது சட்டை செய்வதே இல்லை. எனவே இரண்டாவது 'தாவு', தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தது. கடைசிச் சோதனை நடக்கவே இல்லை.

அந்தக் கடைசிச் சோதனைதான் முக்கியமானது. போன் பேசிக்கொண்டிருப்பது நிஜமான பாங்கிடமா அல்லது பாங்கு வேஷம் போட்ட திருடனிடமா என்று டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடம் அது. தாவிப் போன இடத்தின் பெயர் 'தோல்வி'. ஆனால் அதுவரை தவறு எதுவும் பதிவாகாததால், அங்கிருந்து திரும்பி வந்த பதில் 'எல்லாம் சரி'. காபிக் கடையின் வைஃபையில் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு கில்லாடி, எந்த வெப்சைட்டாகவும் நடித்திருக்க முடியும். மேக் கம்ப்யூட்டர்களுக்கான திருத்தம் நான்கு நாட்கள் கழித்து, பிப்ரவரி 25 அன்றுதான் வந்தது.

இந்த விவகாரத்தில் தவறான கட்டளையைவிட விஷமமானது அதன் முன்னால் இருந்த காலி இடம். அது பொய் சொன்னது. படித்தவர்கள் அதை நம்பினார்கள்.

காலி இடம் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: இடம் விடும் அதிகாரத்தை மனிதர்களிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்துவிடுவது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் சாஃப்ட்வேர் உலகம் ஏறக்குறைய அதைத்தான் செய்திருக்கிறது. புரோகிராமர் தனக்குத் தோன்றியபடி எழுதலாம். சேமிக்கும் நொடியில் 'ஃபார்மேட்டர்' என்ற இன்னொரு புரோகிராம் அதை வாங்கி, கலைத்து, விதிப்படி திரும்ப அச்சடித்துக் கொடுத்துவிடும். பொருள் மாறாது; தோற்றம் மாறும். நூறு பேர் எழுதியது ஒருவர் எழுதியதுபோல் இருக்கும்.

கேட்பதற்கு நான்கு வரி நோட்டில் கையெழுத்துப் பழக்குவதுபோல அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரே புரோகிராமை ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரம் பேர் சேர்ந்து எழுதும்போது, அற்ப விஷயம்தான் பெரும் சண்டைக்கு விதையாகிறது.

பழைய பகை

சண்டையின் வேர் காகித அட்டையில் இருக்கிறது. ஐபிஎம் 1928ல் அறிமுகப்படுத்திய துளை அட்டையில் 80 பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. பின்னால் வந்த கம்ப்யூட்டர் திரைகளும் பெரும்பாலும் அதே 80ஐப் பிடித்துக்கொண்டன. வர்த்தகத் துறைக்காக உருவான கோபால் மொழியோ அட்டையின் பத்திகளையே இலக்கணமாக்கிக்கொண்டது. முதல் ஆறு பத்திகள் வரிசை எண்ணுக்கு. ஏழாவது பத்தியில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. எட்டாவதில் தொடங்க வேண்டியவை சில, பன்னிரண்டாவதில் தொடங்க வேண்டியவை சில. 72க்கு அப்பால் எழுதினால் அது கட்டளையாகவே கருதப்படாது.

1990களின் இறுதியில் ஒய்2கே கோளாறைச் சரிசெய்ய உட்கார்ந்த இந்திய புரோகிராமர்கள் இந்தப் பத்திகளுக்குள்தான் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். யாரோ, எந்த ஊரிலோ, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதை வரி வரியாகப் படிப்பதே வேலை. இந்திய சாஃப்ட்வேர் தொழில் வளர்ந்ததில் புதிதாக எழுதியதற்கு எவ்வளவு பங்கு உண்டோ, அடுத்தவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்டதற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

'சி' மொழி அட்டையின் சிறையை உடைத்தது. எங்கே வேண்டுமானாலும் இடம் விடலாம். எங்கே வேண்டுமானாலும் வரியை மடிக்கலாம். சுதந்திரம் கிடைத்ததும் கட்சிகள் முளைத்தன. சுருள் அடைப்புக்குறியை வரியின் முடிவில் போடுவதா, தனி வரியில் போடுவதா? உள்ளே தள்ளுவதற்கு 'டேப்' விசையா, 'ஸ்பேஸ்' விசையா? ஸ்பேஸ் என்றால் இரண்டா, நான்கா, எட்டா? அந்த மொழியை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த கெர்னிகனும் ரிட்சியும் தங்கள் புத்தகத்திலேயே இந்த விஷயத்தில் மக்களுக்கு உணர்ச்சி அதிகம் என்று எச்சரித்துவிட்டு, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை பின்பற்றும்படி புத்தி சொன்னார்கள்.

பாதி அறிவுரைதான் ஏற்கப்பட்டது. ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 'குனு' திட்டத்தின் விதிகள் இரண்டு இடம் விடச் சொல்கின்றன. லினக்ஸ் கெர்னலுக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய விதிகளோ எட்டு எழுத்து அகல டேப்தான் என்கின்றன. அதோடு நிற்கவில்லை. குனு விதிகளை அச்சடித்து, படிக்காமல் கொளுத்தும்படி லினக்ஸ் விதிகளின் தொடக்கமே யோசனை சொல்கிறது. கிண்டல்தான். ஆனால் அதில் காரம் குறைவில்லை.

ஆய்வாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னெய்டர்மன் உள்ளிட்ட நால்வர் 1983ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு முதல் நான்கு இடம் வரை விட்டு எழுதிய புரோகிராமைத்தான் படிப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டது. எட்டுக் கட்சி அசைந்துகொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட சண்டைகளுக்குப் பெயரே இருக்கிறது: 'சைக்கிள் கொட்டகை'. பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் 1957ல் சொன்ன உதாரணம் இது. அணு உலை கட்டும் திட்டத்தை ஒரு கமிட்டி சில நிமிடங்களில் நிறைவேற்றிவிடுகிறது, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. ஊழியர்களின் சைக்கிளை நிறுத்தக் கொட்டகை போடும் விஷயத்திலோ முக்கால் மணி நேரம் வாதாடுகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான டென்மார்க்கின் போல்-ஹென்னிங் காம்ப், ஓர் அற்ப மாற்றத்துக்காக மூண்ட வாக்குவாதத்தால் நொந்துபோய் 1999ல் சகாக்களுக்கு இந்தக் கதையை நினைவூட்டினார். அன்றிலிருந்து 'கொட்டகைக்கு என்ன வர்ணம்?' என்று கேட்டாலே புரோகிராமர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

டேப் - ஸ்பேஸ் சண்டை டெலிவிஷன் வரை போனது. அமெரிக்காவின் 'சிலிக்கன் வேலி' நகைச்சுவைத் தொடரில் 2016ல் கதாநாயகன், ஸ்பேஸ் விசையைத் தட்டுகிறாள் என்பதற்காகக் காதலியோடு உறவை முறித்துக்கொண்டான். படித்துச் சிரித்த புரோகிராமர்கள் பலரும் தங்கள் அலுவலகத்தில் அதே சண்டையைப் போட்டவர்கள்தான்.

ஒருவருக்கும் பிடிக்காத தீர்ப்பு

இயந்திரத்தை நடுவராக வைக்கும் யோசனை புதிதல்ல. 1976லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'இண்டென்ட்' என்ற புரோகிராம் பிறந்தது. 'சி' புரோகிராமைக் கொடுத்தால் ஒழுங்குபடுத்தித் தரும். ஆனால் அதில் ஏகப்பட்ட தேர்வுகள். அடைப்புக்குறி இங்கேயா அங்கேயா, எத்தனை இடம் என்று எல்லாவற்றையும் பயன்படுத்துபவரே சொல்லலாம். விளைவு, சண்டை இடம் மாறியது. எப்படி எழுதுவது என்று வாதாடியவர்கள், இண்டென்ட்டை எப்படி முடுக்குவது என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது கூகுளின் 'கோ' மொழி. 2009 நவம்பரில் அது வெளியானபோதே கூடவே 'கோஃபம்ட்' என்ற ஃபார்மேட்டரும் வந்தது. மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவரான ராபர்ட் கிரீஸ்மரின் கைவண்ணம் அது. அதில் தோற்றத்தை மாற்றத் தேர்வுகள் இல்லை. உள்ளே தள்ள டேப், அடைப்புக்குறி வரி முடிவில். பிடித்தால் பிடிக்கட்டும், பிடிக்காவிட்டாலும் அதுதான். அந்தப் பாணி யாருக்கும் மிகப் பிடித்தமானது அல்ல, ஆனாலும் கோஃபம்ட் எல்லோருக்கும் பிடிக்கிறது என்பது மொழியை உருவாக்கிய இன்னொருவரான ராப் பைக் 2015ல் தொகுத்துச் சொன்ன பழமொழிகளில் ஒன்று.

மொழி பிறக்கும்போதே விதியும் பிறந்துவிட்டதால் கோவில் பழைய கட்சிகளே இல்லை. ஏற்கெனவே கட்சி கட்டியிருந்த மொழிகளில்தான் கஷ்டம். பைத்தான் மொழியில் காலி இடம் வெறும் அலங்காரம் அல்ல, இலக்கணம். உள்ளே தள்ளி எழுதியதுதான் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது; எனவே ஆப்பிளில் நடந்த அந்த மோசடியைக் காலி இடம் அங்கே செய்ய முடியாது. 2001லிருந்து 'பெப் 8' என்ற விதித்தொகுப்பும் இருக்கிறது: நான்கு ஸ்பேஸ், வரிக்கு 79 எழுத்து. அப்படியும் வரியை எங்கே மடிப்பது, எந்த மேற்கோள்குறி போடுவது என்ற சில்லறைச் சண்டைகள் மிச்சமிருந்தன. 2018ல் லூகாஷ் லாங்கா 'பிளாக்' என்ற ஃபார்மேட்டரோடு வந்தார். காருக்கு எந்த வர்ணம் வேண்டுமானாலும் கேட்கலாம், கறுப்பாக இருக்கும்வரை என்று ஹென்றி ஃபோர்டு சொன்னது பிரசித்தம். அதையொட்டித்தான் பெயர். சமரசம் கிடையாது என்பதையே அது விளம்பரமாக்கிக்கொண்டது. வரிக்கு 88 எழுத்து. ஏன் 88? எண்பதைவிடப் பத்து சதவீதம் அதிகம். வாதாடிப் பயனில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் வெளியிட்ட 'பிரெட்டியர்' இதே வேலையைச் செய்கிறது. அதில் சில தேர்வுகள் உண்டு. ஆனால் இனிமேல் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதை அந்தத் திட்டம் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒரு தேர்வைக் கொடுத்தால் ஒரு சண்டையைக் கொடுத்ததாக அர்த்தம் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்த ஃபார்மேட்டர்கள் இடத்தைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றுவதில்லை. புரோகிராமைப் படித்து, அதன் வாக்கிய அமைப்பை ஒரு மரம்போல விரிக்கின்றன: எந்தக் கட்டளை எந்த நிபந்தனையின் கிளை, எந்தச் சொல் எந்தக் கட்டளையின் இலை என்று. எழுதியவர் விட்ட இடங்களில் பெரும்பகுதியைத் தூக்கி எறிகின்றன. பிறகு மரத்தைப் பார்த்து வரிகளைப் புதிதாக அடுக்குகின்றன. குறிப்பிட்ட அகலத்துக்குள் ஒரு வரி அடங்குமா, அடங்காவிட்டால் எந்தக் கிளையில் மடிப்பது என்ற கணக்குக்கு 1980ல் டெரெக் ஓப்பன் வழி கண்டார். பிலிப் வாட்லர் பின்னர் அதை எளிமையாக்கினார். பிரெட்டியர் நிற்பது வாட்லரின் அந்த அஸ்திவாரத்தில். பிளாக் இன்னும் ஒரு படி போகிறது: வேலை முடிந்ததும் பழைய மரத்தையும் புதிய மரத்தையும் ஒப்பிட்டு, பொருள் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்கிறது.

மரத்திலிருந்து அடுக்குவதால்தான் காலி இடம் உண்மை பேசுகிறது. ஆப்பிளின் அந்தப் புரோகிராமை இப்படியொரு ஃபார்மேட்டரில் போட்டிருந்தால், இரண்டாவது 'தாவு' நிபந்தனையின் கிளை அல்ல என்று கண்டு அதை இடது பக்கம் தள்ளியிருக்கும். நிபந்தனை எதுவும் இல்லாமல் தன்னந்தனியாக நிற்கும் அந்த வரி கண்ணில் உறுத்தியிருக்கும். 2016ல் வெளியான ஜிசிசி கம்பைலரின் 6ம் பதிப்பு, ஏமாற்றும் உள்தள்ளல் என்று இதற்கென்றே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது.

பதிலுக்கு ஒரு நாள்

இந்தியாவுக்கு இதில் தனி அக்கறை உண்டு. பலர் சேர்ந்து புரோகிராம் எழுதும் கிட்ஹப் தளத்தில் இந்தியர்களின் எண்ணிக்கை 2024ல் 1.7 கோடியைத் தாண்டியது. அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய கூட்டம் இதுதான். அவர்களில் எத்தனையோ பேர், தாங்கள் பார்த்திராத ஒருவர் நிர்வகிக்கும் திட்டத்துக்கு முதல் திருத்தத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள்.

அந்தக் காத்திருப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியாவுக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேர வித்தியாசம். புனேயில் மாலை ஆறு மணிக்கு அனுப்பும் திருத்தம் அங்கே அதிகாலை நாலரைக்குப் போய்ச் சேரும். அவர் எழுந்து, அலுவலகம் வந்து, பார்த்துப் பதில் எழுதும்போது இங்கே நள்ளிரவு. 'நன்றாக இருக்கிறது. ஆனால் 14வது வரியில் ஓர் இடம் அதிகம்' என்று பதில் வந்தால், அந்த ஓர் இடத்தின் விலை ஒரு நாள். மறுநாள் '20வது வரியில் அடைப்புக்குறி' என்றால் இன்னொரு நாள்.

நாள் போனால்கூடப் பரவாயில்லை. மனசு விட்டுப்போகிறது. மூளையைக் கசக்கி எழுதிய திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, காலி இடத்தைப் பற்றிக் கண்டிப்பு மட்டும் இருக்கிறது என்றால், புதிதாக வந்தவர் தன்னை வேலை தெரியாதவராகவே நினைத்துக்கொள்வார். பரிசோதிப்பவருக்கும் இது சொகுசான வழி. புரோகிராமின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் வேண்டும். இடத்தை எண்ண ஒரு நிமிடம் போதும். சைக்கிள் கொட்டகை மறுபடியும்.

ஃபார்மேட்டர் இருக்கும் திட்டத்தில் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கே வேலை இல்லை. திருத்தத்தை அனுப்பும் முன்பே இயந்திரம் சரிசெய்துவிடுகிறது. தப்பித்தவறி விட்டுப்போனால், வாங்கிக்கொள்ளும் இயந்திரமே சில நிமிடங்களில் திருப்பி அனுப்புகிறது. இயந்திரம் கண்டித்தால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை. மூத்தவர், இளையவர், ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே விதி. மனிதருக்கு மிஞ்சுவது மனிதர் செய்ய வேண்டிய கேள்வி மட்டும்: இது சரியாக வேலை செய்யுமா?

விதிகள் இந்தியக் கம்பெனிகளுக்குப் புதிதல்ல. பெங்களூரில் மோட்டோரோலாவின் சாஃப்ட்வேர் பிரிவு 1993ல் சிஎம்எம் தரவரிசையில் உச்சமான ஐந்தாம் நிலையை எட்டியது முதல், விதிமுறைகளைக் கடைப்பிடிப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டவை அவை. ஆனால் அன்றைய விதிகள் காகிதத்தில் இருந்தன. அமல்படுத்த ஓர் ஆள் பட்டியலோடு உட்கார்ந்து டிக் அடிக்க வேண்டியிருந்தது. பாடம் எளிமையானது: மனிதர் சரிபார்க்க வேண்டிய விதி, வேலை நெருக்கடி வந்ததும் முதலில் பலியாகும். இயந்திரம் தானே செய்துவிடும் விதிக்கு அந்த ஆபத்து இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தும்போது, யார் எதை மாற்றினார் என்பதைக் கம்ப்யூட்டர் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டும். ஒருவருடைய எடிட்டர் அவருக்கே தெரியாமல் டேப்களை ஸ்பேஸ்களாக மாற்றிச் சேமித்துவிட்டால், ஒரு வரியைத் திருத்தியவர் நானூறு வரியைத் திருத்தியதாகக் காட்டும். நிஜமான மாற்றம் அந்த வைக்கோல் போரில் ஊசியாகிவிடும். தோற்றம் எப்போதும் ஒன்றே என்றால், ஒப்பீட்டில் தெரிவதெல்லாம் நிஜமான மாற்றம் மட்டும்தான்.

இயந்திரத்துக்கு எட்டாதவை

இதெல்லாம் சர்வரோக நிவாரணி என்று யாரும் சொல்லவில்லை. குறைகள் கணிசம்.

* ஃபார்மேட்டருக்கு அர்த்தம் தெரியாது. எண்களை மூன்று பத்தியாக அழகாக அடுக்கி ஓர் அட்டவணை எழுதியிருந்தால், அதைக் கலைத்து ஒரே வரியில் திணித்துவிடலாம். 'இந்தப் பகுதியைத் தொடாதே' என்று குறிப்பு எழுதி வைக்க பிளாக், பிரெட்டியர் எல்லாமே இடம் தருகின்றன. ஆனால் எங்கே எழுதுவது என்று மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

* பெயர்களை அது திருத்தாது. ஊழியரின் சம்பளத்தைச் சேமிக்கும் இடத்துக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தவரின் புரோகிராம், பிளாக் போட்டுத் தேய்த்த பிறகும் புரியாத புரோகிராம்தான். பளபளவென்று இருக்கும், அவ்வளவே.

* பழைய திட்டங்களில் சரித்திரம் குழம்பும். எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று பின்னோக்கிப் பார்ப்பது கோளாறு பிடிப்பவர்களின் முக்கிய ஆயுதம். மொத்தத்தையும் ஒரே நாளில் ஃபார்மேட்டரில் போட்டால், எல்லா வரியும் அன்றைக்கு எழுதியதாகக் காட்டும். இதற்காகவே 'கிட்' மென்பொருளின் 2019 ஆகஸ்ட் பதிப்பில், குறிப்பிட்ட மாற்றங்களைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிப் பார்க்கும் வசதி வந்தது. வெப்சைட்டுகள் உருவாக்கப் பயன்படும் ஜாங்கோ திட்டம் பிளாக்குக்கு மாறுவதென்று 2019ல் தீர்மானித்தது. ஆனால் பிளாக்கின் முதல் நிலையான பதிப்பு வெளியாகும்வரை பொறுத்திருந்து, 2022 பிப்ரவரியில்தான் மொத்தத்தையும் மாற்றியது.

* வேண்டுமென்றே ஏமாற்றுபவனை அது தடுக்காது. அரபி, ஹீப்ரூ போன்ற மொழிகளை வலமிருந்து இடமாகக் காட்டுவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் உண்டு. அவற்றைப் புரோகிராமுக்குள் ஒளித்துவைத்தால் திரையில் தெரிவது ஒன்று, கம்ப்யூட்டர் படிப்பது வேறு என்று ஆக்கிவிடலாம் என கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நிக்கலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021 நவம்பரில் அறிவித்தார்கள். பொய் சொல்லும் காலி இடத்தின் அடுத்த தலைமுறை இது. இதற்குத் தனி எச்சரிக்கைகள் தேவைப்பட்டன.

எல்லோரும் சரணடைந்துவிடவும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் ஒரு ஃபார்மேட்டருக்கான அமைப்புக் கோப்பு 2018லிருந்து இருக்கிறது. கட்டாயம் இல்லை, இயந்திரம் எல்லா நேரமும் சரியாகச் செய்யாது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. அட்டைக் காலத்து 80 எழுத்து வரம்பை அந்தத் திட்டம் 2020ல்தான் தளர்த்தியது. அப்போதும் 80தான் விரும்பத்தக்கது. 100ஐத் தாண்டினால் மட்டும் சோதனைக் கருவி எச்சரிக்கும். ஐபிஎம் அட்டை வந்து அப்போது 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விரல் நுனியில் நாற்பது கட்டம்

இந்த அமைதியில் குரல் அமுங்கிப்போகக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது: பார்வையற்ற புரோகிராமர்கள்.

அவர்களில் பலர் திரையில் உள்ளதைப் பிரெய்ல் கருவியின் வழியாக விரலால் படிக்கிறார்கள். பரவலாகப் புழங்கும் கருவிகளில் ஒரு வரிக்கு 40 கட்டங்கள். நான்கு நான்கு ஸ்பேஸாக நான்கு படி உள்ளே தள்ளிய வரி என்றால், முதல் 16 கட்டங்கள் வெறுமை. மீதி 24ல்தான் விஷயம். அதே வரியை டேப் வைத்து எழுதினால் ஒரு படிக்கு ஒரே கட்டத்தில் முடித்துவிடலாம். பார்வை மங்கியவர்களுக்கும் டேப்தான் வசதி. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்போது டேப்பின் அகலத்தை மட்டும் தங்கள் எடிட்டரில் சுருக்கிக்கொள்ளலாம். ஸ்பேஸில் அது நடக்காது.

'டேப்பா ஸ்பேஸா' என்ற கேள்வி மற்றவர்களுக்கு ருசி சம்பந்தப்பட்டது. இவர்களுக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்டது. கோ மொழி டேப்பைத் தேர்ந்தெடுத்தது. பிளாக் நான்கு ஸ்பேஸ். வேறு வழியே வைக்கவில்லை. பிரெட்டியர் தானாக எடுத்துக்கொள்வது இரண்டு ஸ்பேஸ். அதை டேப்பாக மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை இந்தக் காரணத்தை முன்வைத்தே எழுந்தது. விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்வது சுலபம். அந்த ஒன்றை யாரை மனதில் வைத்து வகுத்தார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

இவர்கள் உதவிக்குக் காத்திருக்கவும் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருளை 2006ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், பார்வையற்றவர். ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பர் விரைவில் அவரோடு சேர்ந்துகொண்டார். அந்த மென்பொருளின் பெரும்பகுதி எழுதப்பட்டிருப்பது பைத்தானில், அதாவது காலி இடமே இலக்கணமான மொழியில். வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதை என்விடிஏ பேச்சாகச் சொல்லும். விரும்பினால் ஒலியின் சுருதியை மாற்றியும் காட்டும். ஆழம் கூடக் கூட சுருதி மாறும். கண்ணுக்குக்கூடப் புலப்படாத காலி இடம் அவர்கள் காதில் விழுகிறது.

சமரசத்துக்கும் ஃபார்மேட்டரே வழி வைத்திருக்கிறது. தோற்றத்தை ஒரு நொடியில் மாற்றவும் திரும்ப மாற்றவும் முடியும் என்றால், பொதுவில் ஒரு தோற்றம், அவரவர் மேஜையில் அவரவருக்கு வேண்டிய தோற்றம் என்று பிரித்துவைக்கலாம். கோப்பை வாங்கும்போது டேப்பாக்கி, திருப்பித் தரும்போது ஸ்பேஸாக்கும் ஏற்பாட்டை கிட் மென்பொருளிலேயே செய்துகொள்ள முடியும். எல்லாத் திட்டங்களும் இதற்கு வழி சொல்லி வைப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

2021லிருந்து கோபைலட் போன்ற செயற்கை அறிவுக் கருவிகளும் புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டன. அவை ஒரு நிமிடத்தில் எழுதித் தள்ளுவதை, பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் படித்துப் பார்த்தாக வேண்டும். எழுதுவது மலிவாகிவிட்டது. படிப்பது அப்படியே இருக்கிறது. அந்தப் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் தோற்றத்தை ஒழுங்காக வைப்பது முன்னைவிட அவசியமாகிறது.

அதற்குமேல் ஃபார்மேட்டரிடம் எதிர்பார்க்க முடியாது. அந்த இரண்டாவது 'தாவு'வை அது இடது பக்கம் தள்ளி, எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருக்கும். அழித்திருக்காது. 'இது ஏன் இங்கே நிற்கிறது?' என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். இடத்தை எண்ணிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு இப்போது அதற்கு நேரம் இருக்கிறது.